சந்தனம் அடைத்த சாக்கெட்

எனக்குச் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகக் குழைத்துத்தான் பழக்கம். அன்றும் அப்படித்தான் குழைத்தேன்.

2006 ஆயுதபூஜை. ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் அட்டெண்டராக இருக்கும் காலேஜ் லேபில் மைக்ராஸ்கோப், தராசு, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். எலிகளின் மூளைக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிக்கும் வைத்தேன். விரல் வழுக்கி, ஒயர் செருகும் ஓட்டைக்குள் ஒரு உருண்டை இறங்கிவிட்டது. மறுநாள் காய்ந்து கல்லாகியிருந்தது. அதன்பின் சிவப்பு விளக்கு எரியும், கரண்ட் போகாது.

ஒரு குண்டூசியால் நோண்டி எடுத்திருக்கலாமே என்று விசாரணைக் கமிட்டியில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

ஆராய்ச்சி, ஸ்ம்ருதி என்ற பெண்ணுடையது. எட்டு எலிகளின் மண்டைக்குள் மெல்லிய கம்பி வைத்திருந்தாள். முதல் ஸ்விட்ச்சைப் போட்டால் எலி பயந்து மூலைக்கு ஓடும். இரண்டாவதைப் போட்டால் கோபம் வந்து குச்சியைக் கடிக்கும். ஸ்விட்ச் போடுவது நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுவது அவள். எலிகளுக்கு இந்த வேதனை எதற்கு என்று தோன்றியது. இளகின மனசு எனக்கு. கரண்ட் போகாததைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் லேப் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் சார் கத்தியிருப்பார் என்பது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் கரண்ட் போகாத எலி சும்மா உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அதையும் என்னால் பார்க்க முடியவில்லை. குச்சியில் நெத்திலிக் கருவாட்டைத் தேய்த்தேன், கடித்தது. பயத்துக்கு, சாவிக்கொத்தால் கூண்டுத் தகரத்தில் ஓங்கி அடித்தேன், ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்காது, கூண்டு மறைப்பதால் என் கையும் தெரியாது. சில நாள் பூனை மாதிரியும் கத்தினேன். செய்கிற வேலையில் அக்கறை வேண்டும்.

நாலு மாதம் ரிசல்ட் நூற்றுக்கு நூறு. ஸ்ம்ருதி மைசூர்பாகு கொடுத்தாள். சாப்பிட்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள், "கோபு அண்ணா, இன்னிக்கு கரண்டே வேண்டாம். சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தான். குச்சிய மட்டும் நீட்டுங்க" என்றாள்.

எலி கடித்தது.

உள்ளே வந்தாள். ஒயரைப் பிடுங்கி முனையை முகர்ந்து பார்த்தாள். "சந்தனமா?" என்றாள்.

மார்ச்சோடு அவள் ஃபெலோஷிப் முடிகிறது. மூன்று வருட தீசிஸுக்கு அந்த நாலு மாதக் கணக்குதான் உயிர். இனி அது குப்பை.

நான் செய்தது தப்பா என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டேன். சார் ஜன்னலைப் பார்த்தார். என் சம்சாரம் முத்தாலம்மாள், "கருவாடு எங்க பூட்ச்சின்னு இப்பத்தான்யா தெரியுது" என்றாள்.

திங்கட்கிழமை ஸ்ம்ருதி லேபில் தன் நோட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நுழைந்ததும் எட்டுக் கூண்டிலும் எலிகள் பின்மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொண்டன.

"பாரும்மா, என்னா மரியாதை. அதுங்க பாவமேன்னுதான் கரண்ட் போகாததைச் சொல்லாம விட்டேன். அது தப்பா?"

பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"கரண்ட் பத்து செகண்ட்தான் அண்ணா. ஸ்விட்ச்ச அணைச்சா பயமும் போயிடும். நீங்க நாலு மாசம் அடிச்சதுக்கு அணைக்க ஸ்விட்ச்சே கிடையாது. நீங்க எலிக்காக ஒண்ணும் பண்ணல. சார் திட்டுவாருன்னு உங்களுக்கு பயம். அத எட்டு எலிக்கும் பிரிச்சுக் குடுத்துட்டீங்க."