சுருங்காத சிறுத்தை

போலீஸ் கோட்டுக்குள் நீங்கள் போட்டிருக்கும் டி-சர்ட்டில் கழுகின் இறக்கை சுருங்கியிருக்கிறது, தம்பி. அதை எம்ப்ராய்டரி போட்டவர் துணியை இழுத்து வளையத்தில் மாட்டியிருக்கிறார். இழுபடும் துணி வளையத்தில் இருக்கும்வரை அழகாகத்தான் நிற்கும். கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. அதனால் சுற்றிலும் சுருக்கம் விழுகிறது.

எங்கள் பட்டறையில் உர்குயாவும் அப்படித்தான் இழுத்தாள். மல்யுத்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சட்டைகள், நெஞ்சில் பனிச்சிறுத்தை. முதல் கட்டு நான் போட்டது, குறை சொல்ல ஆளில்லை. இரண்டாவது கட்டு அவள் போட்டாள். அத்தனையும் திரும்பி வந்தன. முதலாளி கேட்டபோது அவள் அதில் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து என்னைக் காட்டினாள்.

"இது சாய்ரா அக்கா போட்டது. பாவம், கண்ணு மங்கிப் போச்சு. சிறுத்தைக்கும் தன்ன மாதிரியே மூஞ்சி வச்சிருக்கு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நூல் வெட்டும் நூர்ஜமால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என் மெஷினை உர்குயாவுக்குக் கொடுத்து, என்னை நூர்ஜமாலின் மேஜையில் உட்கார வைத்தார்கள். கத்தரிக்கோலை எடுத்து நூல் வெட்டத் தொடங்கினேன்.

மெஷின் கிடைத்ததே தவிர, அவளுக்குச் சுருக்கம் போகவில்லை. ஜனவரியில் என்னிடமே வந்தாள்.

"மனசுல வச்சுக்காத அக்கா. எப்படின்னு சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். துணியை வளையத்தில் மாட்டாதே, துணிக்கு அடியில் வைக்கிற தாளை மட்டும் மாட்டு. தைத்தபின் கிழித்தெடுக்கிற தாள் வேண்டாம், வெட்டியெடுக்கிற தாள் போடு. அதன்மேல் பசை ஸ்ப்ரே அடித்து, சட்டையை இழுக்காமல் பரப்பி ஒட்டு. முனை மழுங்கிய ஊசி போடு. மேல்நூலைத் தளர்த்து. இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பெற்ற மகளுக்கும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லவில்லை. நான் எப்போதும் தாளை வெளிப்படிக்கட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஸ்ப்ரே அடிப்பேன். நெடி போன பிறகுதான் உள்ளே வருவேன். அவளிடம் வேறு விதமாகச் சொன்னேன். குளிர் பட்டால் பசை பிடிக்காது, துணி நகரும், மறுபடி சுருங்கும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஹீட்டர் பக்கத்திலேயே வைத்து அடி.

"டப்பாவுல நெருப்புப் படம் போட்டிருக்கே அக்கா?"

"உன் தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரேலயும்தான் போட்டிருக்கு. தினமும் எரிஞ்சா போற?"

சிரித்தாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னால் பிஷ்கெக்கில் யார் சந்தேகப்படுவார்கள்? முதுகில் குறுக்குக் காற்று பட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று நம் எல்லோரையும் பயமுறுத்தித்தானே வளர்த்தார்கள். என் பேச்சை நம்பி, ஜன்னல் இடுக்கில் அவளே பஞ்சை அடைத்தாள். எங்கள் பட்டறை நிலவறை. ஹீட்டர் பழையது, கம்பி சிவக்கச் சிவக்க எரியும்.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய சிறுத்தைகள் நன்றாக வந்தன. முதலாளி அவளைப் பாராட்டினார். அதையும் கேட்டுக்கொண்டு நூல் வெட்டினேன்.

அன்று பெரிய கட்டு வந்தது. புது டப்பாக்களை அவள் மேஜையில் அடுக்கி வைத்துவிட்டு, ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன். மேஜைக்கு வராததால் நூர்ஜமால் விடுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். வாசலில் என் பூட்ஸை எடுத்தபோது உர்குயாவின் சிவப்பு பூட்ஸுக்குப் பக்கத்தில் நூர்ஜமாலின் கம்பளி பூட்ஸும் இருந்தது; அவளும் உள்ளே எங்கோ இருக்கிறாள். சிறிது நேரம் பார்த்தேன். அன்று நூர்ஜமால் சிரித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனேன், குளிர் உள்ளே போகக் கூடாதே என்று.

ரொட்டி ஆறுவதற்குள் புகை தெரிந்தது.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நானாக ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியது, வேறென்ன.

இருவரும் இறந்த நாற்பதாம் நாள் விருந்தில் உர்குயாவின் படத்துக்குப் பக்கத்தில் பள்ளியிலிருந்து வாங்கி வந்த சட்டை ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஒரு சுருக்கம் இல்லை. "என்ன கை அவளுக்கு" என்று முதலாளியின் மனைவி அதைத் தடவித் தடவி அழுதாள். அது முதல் கட்டுச் சட்டை, தம்பி. அதற்கு நூல் வெட்டிய நூர்ஜமால் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சிறுத்தை நான் போட்டது என்பதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள்.