அலகுள்ள மீன்

சிவகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகிற கரி பஸ் பாதி வழியில் மூச்சடைத்து நின்றுவிட்டது. கண்டக்டர் பின்னால் போய், வண்டியை ஓட்டுகிற கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். இறங்கி நடந்துவிடலாமா என்று நான் யோசித்தபோதுதான் முன் சீட்டிலிருந்து அந்தப் பேச்சு வந்தது. மடியில் மகனைத் தூங்கவைத்திருந்தவள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள்:

"ஊசிக்கணவாய்க்கும் மைனாவுக்கும் ஒரே அலகுதான் மதினி."

"கடல்ல கெடக்கதுக்கு அலகா? வெயிலு உனக்குத் தலைக்கேறிட்டு."

"தூத்துக்குடில அக்கா வீட்டுல பாத்தேன். வாயைப் பிதுக்குனா மைனா மூக்கு மாதிரியே வந்து விழுது, கருப்பா."

"மைனாவுக்கு மஞ்ச மூக்குல்லா?"

"நெறத்தை விடுங்க. அலகுதானே?"

"ரெக்கை இருக்கா?"

"ரெண்டு பக்கமும் செட்டை இருக்கு."

"பறக்குமா?"

"நீந்தும். முட்டையும் இடுமாம்."

"அப்ப அது மீனா, பட்சியா?"

"அதைத்தானே நான் கேக்கேன்! இவன் வாய் தெறந்து பேசுத வரைக்கும் அலகுள்ள எதையும் தொட மாட்டேன்னு அம்மனுக்கு நேந்திருந்தேன். கோழியைக்கூட விட்டுட்டேன். கணவாயை மீனுன்னு நெனைச்சுத் தின்னுட்டேன். பொறவுதான் அக்கா அலகைக் காட்டுதா."

"அடப்பாவமே! இன்னைக்கே சந்நிதியில விழுந்து மன்னிப்புக் கேளு."

"கேட்டிருவேன். ஆனா அந்தச் சாப்பாட்டுலதான் இவன் மொதமொதல்ல பேசுனான்."

"பேசிட்டானா! என்ன சொன்னான்?"

அவள் தூங்கும் மகனின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"கணவாய்ச் சட்டியைக் காட்டி, 'இன்னும்'னான்."