புள்ளி விழாத தக்காளி

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்த வாக்குமூலத்தின் முகப்பில் எழுதியபடி. வயது முப்பத்து நான்கு. வாய்க்கால் ஓரத் தோட்ட வீட்டில் குடியிருக்கிறேன். தோட்டம் எனக்கும் அண்ணனுக்கும் பொது.

எங்கள் தக்காளியில் கரும்புள்ளி நோய் விழுந்து, எந்த மருந்துக்கும் அடங்காமல் காய் அழுகிக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அம்மா வந்து, கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கிய செம்பு, அதாவது நானோ துகள், கலந்த மருந்தைக் கிழக்குப் பாத்திகளில் மட்டும் அடித்துப் பார்க்க அனுமதி கேட்டார். துகள் பழத்துக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று சோதித்து முடிவு சொல்லும்வரை அந்தப் பழத்தை யாரும் தின்னக் கூடாது, பறித்துப் புதைத்துவிட வேண்டும் என்றார். நானும் அண்ணனும் சம்மதித்தோம்.

மருந்து கேட்டது. மேற்குப் பாத்தி வழக்கம்போல் அழுகியது, கிழக்கில் ஒரு புள்ளி இல்லை. அண்ணன் ஒரு பழத்தைத் துண்டால் துடைத்துப் பார்த்து, "இதைப் போய் குழியில போடச் சொல்றாளே, அவளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார். "முடிவு வரட்டும்ணே" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சம்பவத்தன்று காலை நான் டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஓடி வந்து, "உங்க அண்ணன் கிழக்குப் பாத்தியப் பறிச்சு வண்டியில ஏத்திட்டாரு. ஆஸ்பத்திரி சமையல்கட்டுக்குப் போகுதாம்" என்றார். அதன் பிறகு நான் டிராக்டரைத் தோட்டத்து கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினேன். அண்ணன் கையில் ஒரு பழத்தோடு வண்டியிலிருந்து இறங்கி வந்தார்.

"வழிய விடு. எல்லாம் நல்ல பழம்."

"நல்லதுன்னு யாருண்ணே சொன்னா?"

"பார்த்தாலே தெரியலையா?"

"அப்ப உங்க பிள்ளைக்கு அதக் குடுங்க."

குழந்தை கையை நீட்டியது. அண்ணன் பழத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோயாளிகளுக்கு ஆகுமாம், தன் பிள்ளைக்கு ஆகாதாம். வண்டியில் ஏறி ஒரு கூடை விடாமல் கீழே தள்ளி, அதன் பிறகு டிராக்டரை அதன் மேல் முன்னும் பின்னும் ஓட்டினேன். அண்ணன் மேல் ஏற்றிக் கொல்லப் பார்த்தேன் என்று அவர் புகாரில் சொல்லியிருப்பது பச்சைப் பொய். அவர் பம்புசெட் பக்கம் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அண்ணிதான் மண்வெட்டி எடுத்து வந்து, எல்லாவற்றையும் குழியில் தள்ள எனக்குக் கை கொடுத்தார்.

சோதனையில் அந்தப் பழம் நல்லது என்று வந்தால் என்ன சொல்வாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வந்தால் முதல் பழத்தை நானே தின்பேன். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். 'ஆத்திரத்தில் தன்னிலை மறந்து' என்ற இடத்தில் 'தன்னிலை மறந்து' என்பதை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(கையொப்பம்)