கடற்பஞ்சு கேட்பதில்லை

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. பொழுது சாய்ந்துவிட்டது. நாங்கள் சமணர்கள், விளக்கு வைத்தபின் வாயில் எதையும் போடுவதில்லை. தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் செத்துவிடக் கூடாதே என்று. அப்படிப்பட்டவனைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். இருக்கட்டும்.

பெயர் அஜிததாஸ். இதே செஞ்சியில் சயன்ஸ் வாத்தியார். அறுபத்து மூன்றாம் வருஷம் பள்ளிப் பிள்ளைகளை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக் கடலுக்கு அழைத்துப் போனேன். இடுப்பளவு தண்ணீர், அடியில் பவளப்பாறை. பாறை இடுக்குகளில் ஆரஞ்சு நிறத்தில் குடம் குடமாகக் கடற்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் செடி என்றார்கள். படகுக்காரர் சிரித்துக்கொண்டே மஞ்சள் தூளைக் கரைத்து அதன் விலாப்பக்கம் விட்டார். சற்று நேரத்தில் உச்சித் துவாரத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

"உசுரு இருக்கு சார். இல்லாட்டி தண்ணிய இழுக்குமா?" என்றார்.

நாலு வருஷமாக வகுப்பில் அதைத்தான் நடத்துகிறேன். கடற்பஞ்சு விலங்கு. மூளை இல்லை, நரம்பு இல்லை, வாய் என்று தனியாக ஒன்று இல்லை. உடம்பெல்லாம் ஊசித் துளை. அதன் வழியே கடலை இழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய இரையை வைத்துக்கொண்டு, மிச்சத்தை மேலே விட்டுவிடும். ஒட்டிய இடத்தை விட்டு நகராது. யாரிடமும் எதையும் கேட்காது.

என் அண்ணன் ஜினசேனன் போன தை மாதம் பக்கவாதத்தில் விழுந்தார். கோயிலில் அவர் சாஸ்திரம் படித்தால் தெருவே நின்று கேட்கும். அந்தக் குரல் போயிற்று. கை கால் போயிற்று. அண்ணி அனந்தமதி கரண்டியால் கஞ்சி ஊற்றுவார். பாதி கழுத்தில் வழியும். பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்காருவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்காகத்தான் பொறுக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சிங்கவரம் பக்கத்துத் திருநாதர்குன்றத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பத்தேழு நாள் அன்னம் துறந்து உயிர்விட்ட ஆசிரியர் ஒருவரைப் பற்றி அங்கே பாறையில் வெட்டியிருக்கிறது. சல்லேகனை என்போம். அதைவிடப் பெரிய சாவு எங்களுக்குக் கிடையாது. ஆனால் அந்த விரதத்தை அவரவர் வாயால் ஏற்க வேண்டும். அண்ணனுக்குப் பேச்சு இல்லை. நான் கூடப் பிறந்தவன். அவருக்காக நான் சொன்னேன். இதில் என்ன தப்பு?

பிள்ளை பெற்றிருந்த மகளைப் பார்த்து வரச் சொல்லி அண்ணியை வந்தவாசிக்கு அனுப்பினேன். அன்றே கஞ்சியை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தண்ணீரையும் நிறுத்தினேன். அண்ணன் விரதம் இருக்கிறார் என்ற சேதி கேட்டு ஊரே திரண்டு வந்து அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டது. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

உங்களிடம் புகார் கொடுப்பதற்கு முன்னால் அண்ணி என்னிடம்தான் வந்தார்.

"விரதம்னு அவரு சொன்னாரா தம்பி? எந்த வாயால சொன்னாரு?"

"மனசால சொன்னாரு அண்ணி."

"பசிச்சா கண்ண ரெண்டு தரம் மூடித் தொறப்பாரே. உங்களுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியும். நீங்களும் அதையேதான் கேட்கப் போகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் அவர் உதடு வெடித்துப் போயிருந்தது. துடைத்துவிடலாம் என்று பஞ்சை நனைத்து வைத்தேன். கவ்விக்கொண்டார். காய்ந்து கட்டியாகும்வரை உறிஞ்சினார். பிறகு என்னைப் பார்த்து இரண்டு தரம் கண்ணை மூடித் திறந்தார். ஒரு முறை அல்ல, வெகு நேரம், திரும்பத் திரும்ப. பஞ்சைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன்.

தண்ணீரை இழுத்தால் உயிர் என்று பாடம் நடத்துகிறவன் நான். தெரியாமல் செய்தான் என்று எழுதி என்னைக் கேவலப்படுத்தாதீர்கள். அண்ணனின் விரதம் கெடாமல் காப்பாற்றினான் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, ஐயா. விடிந்ததும் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டும், துணியில் வடிகட்டி. மத்தியானத்திலிருந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மறந்துவிடாதீர்கள். நான் வாயைத் திறந்து கேட்கிறேன், பாருங்கள்.