ஷஸ்னாவின் திகதி

— அப்ப புள்ளட துடிப்பு இல்லயா, டொக்டர்? மெஷின்ல ஏதும் கோளாறா?

— மெஷின் சரிதான், அம்மா. கர்ப்பப்பைக்குள்ளதான் கரு தங்கியிருக்கு. அதோட பை தெரியுது, புள்ள இன்னும் தெரியல. ஷஸ்னா, ரத்தம் எப்ப இருந்து படுது?

— நேத்து பின்னேரம் அஸர் தொழுற நேரத்துலேந்து. எங்கட ஊரு நாவுலயிலேந்து வார பஸ்ஸு குலுக்கின குலுக்கல்ல இன்னும் கூடியிருக்கும்.

— பஸ்ஸால இது வாறதில்ல. நான் கேட்டது உங்க மருமகள்கிட்ட.

— கொஞ்சந்தான், டொக்டர். வலி இல்ல.

— கடைசியா மாதவிடாய் வந்த திகதி?

— அத என்கிட்ட கேளுங்க. மொத நோன்பிலயே வந்திட்டு. அந்த நாள்ல நாங்க நோன்பு புடிக்கிறதில்லயே, வீட்டுல ஒளிக்க ஏலாது. குளிச்ச பொறகு பெருநாள் வரைக்கும் ஒரு நோன்பு விடல்ல இவ. விடிய முந்தி சஹர் சாப்பாட்டுக்கு என்னோடதான் எழும்புவா.

— அந்தக் கணக்குக்கு இப்ப ஒம்பது கிழமை. புள்ளயும் தெரியணும், இதயம் துடிக்கிறதும் தெரியணும். இது அஞ்சாறு கிழமை அளவுதான் இருக்கு.

— அப்ப புள்ள உசிரில்லாம மௌத்தாப் போயிட்டுதா?

— ஒரு ஸ்கேன வச்சு அப்பிடிச் சொல்லமாட்டேன். இன்னைக்கும் நாளன்னைக்கும் ரத்தம் எடுத்து, ஹோர்மோன் ஏறுதா எறங்குதான்னு பாப்போம். ரெண்டு கிழமையில திரும்ப ஸ்கேன். ஆனா திகதி சரின்னா நம்பிக்கை கொறவு. உங்ககிட்ட மறைக்கக்கூடாது.

— யா அல்லாஹ்! மூணு வருஷம் துஆக் கேட்டு வந்த புள்ள, டொக்டர். ஒவ்வொரு மாசமும் அது வந்தா என்ட மொகத்தப் பாக்க ஏலாம அறைக்குள்ள கெடப்பா இவ. ரெண்டு கிழமை எப்பிடித் தாங்குவா? இன்டைக்கே மருந்து குடுத்து முடிச்சு உடுங்க.

— இன்னும் ஒன்னும் முடிவாகல்ல, அம்மா. கணக்கு பிழைச்சிருந்தா இது வயசு கொறஞ்ச கரு, அவ்வளவுதான். அஞ்சு கிழமையில இப்பிடித்தான் தெரியும். ஷஸ்னா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த மொத நோன்புக்குப் பொறகு வரவே இல்லயா?

— இவளுக்கு வரல்ல. எனக்குத் தெரியாமலா?

— அம்மா, கொஞ்சம் வெளிய இருக்கிறீங்களா?

— வாணாம், டொக்டர். மாமி இங்கயே இருக்கட்டும்.

— என்ன மகள்? ஏன் அழுற?

— கோவிச்சுக்காதீங்க, மாமி. நோன்பு இருபத்தேழாம் எரவு எனக்கொரு புள்ள கேட்டுக் கையேந்தி அழுதீங்களே, அன்டைக்கு எனக்குத் திரும்ப வந்திட்டு. சொல்ல ஏலாமப் போச்சு. அதுக்குப் பொறகு நான் புடிச்சது நோன்பில்ல, மாமி. வெறும் பட்டினி.