பாலைவனத்தில் ஒரு கிணறு

அறுபதுகளில் ஓர் ஐப்பசி மாதம். கொடைக்கானலிலிருந்து பண்ணைக்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வெளியே விடாத மழை. மூத்தவள் திடீரென்று, "அந்தப் பாலைவனத்துல கெணறே இல்ல. நாந்தேன் வெட்டி வச்சேன்" என்றாள்.

"என்ன மதினி சொல்றீங்க?"

"ஒங்க அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில கதைப் புஸ்தகம் வாசிச்சுக் காட்டுறேன்ல, அதுல. மூணு வெள்ளக்காரங்க ஒட்டகத்தோட பாலைவனத்தத் தாண்டப் போறாங்க. பாதியில தண்ணி தீந்துபோச்சு. தொண்டையில கட்டி வந்ததுலருந்து இவருக்கும் ஒரு மடக்குத் தண்ணி எறங்கல. 'அவங்களுக்குத் தண்ணி கெடச்சுச்சா'ன்னு அதையே கேட்டுக்கிட்டுக் கெடக்காரு."

"கெடச்சுச்சா?"

"அடுத்த பக்கத்த மொதல்லயே பாத்துட்டேன். ஒருத்தனும் பொழைக்கல. நான் புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே, கெணறு ஒண்ணு வந்துச்சு, வயிறு முட்டக் குடிச்சாங்க, ஒட்டகத்துக்கும் எறச்சு ஊத்துனாங்கன்னு வாசிச்சேன்."

"நல்லதுதான மதினி செஞ்சீங்க."

"அவரு என் மொகத்தையே பாத்தாரு. 'நேத்து டாக்டரப் பாத்துட்டு வந்து, வெரசா வீட்டுக்குப் போயிரலாம்னு சொன்னியே, அப்பயும் இதே கொரல்தான்'னாரு."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "பெறகு?" என்றாள்.

"இருக்கறத இருக்கறபடி வாசின்னாரு. மூணு பேரும் சாகுற வரைக்கும் வாசிச்சேன். அவரு என் கையப் பிடிச்சுக்கிட்டே கடைசி வரி வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தாரு."