ஆறு மணிக்குப் புவியீர்ப்பு கிடையாது

வதந்தி இல்ல இன்ஸ்பெக்டர் சார், கதை. சிறுகதை. இந்தா, போன வாரம் இணைய இதழ்ல வந்தது, பாருங்க. மேல தலைப்பு, கீழ சௌந்தரபாண்டியன்னு என் பேரு, எல்லாம் இருக்கு. நகராட்சி அறிவிப்பு மாதிரியே எழுதிப் பாப்பமேன்னு ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் மட்டும் புவியீர்ப்பு நிறுத்தப்படும், பொதுமக்கள் உடைமைகளைக் கட்டி வைத்துக்கொள்ளவும்னு ஆரம்பிக்கும். எங்க தெரு பால்சாமி அண்ணாச்சி, சைக்கிள் கடைக்காரரு, தலைப்பையும் என் பேரையும் வெட்டிட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாரு. நல்ல மனசுலதான் போட்டிருக்காரு. நீளமா இருந்துச்சாம், சுருக்கிட்டாராம்.

தெரியும் சார், கயிறு கெடைக்காம பஜார்ல சண்டைன்னு. வார வழியிலதான பாத்தேன். நான் சூப்பர்வைசரா இருக்கிற பேண்டேஜ் மில்லுலயே வந்து கழிவுத்துணி கேட்டு நிக்காங்க. ஒருத்தரு கோழிக்கெல்லாம் கட்டுப் போட்டு வச்சிருக்காரு, பாக்க ஆஸ்பத்திரி வார்டு கணக்கா இருக்கு. சிரிக்காதீங்க சார், எனக்கும் வந்துரும்.

எழுத ஆரம்பிச்சு எத்தன வருஷமாச்சா? அது ஆச்சு, பள்ளிக்கூடத்துல இருந்தே. அனுப்புற கதை அம்புட்டும் திரும்பி வந்துரும். இந்த வருஷந்தான் யாரு செஞ்ச புண்ணியமோ, மாசம் ஒண்ணு அச்சாகிட்டு இருக்கு. பொங்கலுக்கு வந்தது நாய்க்கதை. நம்மூரு நாய் நிலாவுக்குப் போகுது. நாய் வளக்குறவங்க வீட்டுக்கே வந்துட்டாங்க, அங்க போயி ஏன் குலைக்கலைன்னு. காத்து இல்லாத எடம் அண்ணாச்சி, சத்தம் கேக்காதுங்கேன். எங்க நாய் குலைச்சா எங்கயும் கேக்கும்ங்காங்க. என்னத்தச் சொல்ல!

சித்திரையில வந்ததுதான் வினையாப் போச்சு. வேத்துக் கிரகத்துக்காரன் ஒருத்தன் பூமியப் பிடிக்க வாரான். ஒரு வீட்டுல சாப்பாடு போடுதாங்க. அந்தப் புளிக்கொழம்ப ஒரு வாய் வச்சதும் படையோட திரும்பி ஓடிருதான். யாரு வீட்டுக் கொழம்புன்னு நான் எழுதல சார், சத்தியமா. ஆனா தெருவுக்கே தெரிஞ்சு போச்சு. என் வீட்டுக்காரி செல்லக்கனி தண்ணி புடிக்கப் போனா, ஏட்டி, பூமியக் காப்பாத்துனவ வந்துட்டாடின்னு குழாயடியில ஒரே சிரிப்பு. அன்னைக்கே பையத் தூக்கிட்டு வத்திராயிருப்புக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் போயி நின்னா கதவத் தொறக்கல. போன் அடிச்சா எடுக்கல. பொறவு ஆடியில ஒரு கதை, ஆவணியில ஒண்ணுன்னு வந்துகிட்டேதான் இருக்கு. வந்து என்ன? மொதல்ல அவளுக்குத்தான் படிச்சுக் காட்டுவேன். வைவா, வஞ்சாலும் முழுசாக் கேப்பா. இப்ப வீட்டுக்குள்ள போகவே புடிக்கல சார்.

அட, பேச்ச மாத்தல சார். மறுப்புதான வேணும்? இது கற்பனைக் கதை, யாரும் பயப்பட வேண்டாம், மன்னிக்கவும். அடிச்சே வச்சிருக்கேன், இந்தாங்க போனு, நீங்களே பாருங்க. கேஸ் போட்டாலும் சரி. இன்னைக்கு ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்குல்ல, செத்த நேரம் மட்டும் பொறுங்க, அஞ்சே கால் வரைக்கும். பொறவு நானே மைக்க வாங்கிட்டு பஜார்ல கத்திட்டு வாரேன்.

எதுக்கா?

நீங்க உள்ள கூப்புடுறதுக்கு முன்னாடி ஒரு போன் வந்துச்சு சார். செல்லக்கனிதான், அண்ணாச்சி போட்டது வத்திராயிருப்பு வரைக்கும் போயிருக்கு. எம்புட்டு மாசம் கழிச்சு! ஒடம்புல ஒரு பிடி சதை கெடையாது, மொத ஆளா நீங்கதான் பறப்பீக, உங்களக் கட்டிப் போட அங்க யாரு இருக்கான்னு ஒரே அழுகை. மாட்டுக்கயித்த எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி நம்மூரு பஸ்ஸுக்கு மாறணும், இங்க வந்து சேர அஞ்சே கால் ஆயிரும். இப்பவே நான் மறுப்பப் போட்டேன்னு வைங்க, அங்கனயே பால்கோவாவ வாங்கிக்கிட்டு அடுத்த வத்திராயிருப்பு பஸ்ஸப் புடிச்சுருவா சார்.